மஞ்சள் இல்லாத நலங்கு

எம் மருமவ யுவராணியோட கண்ணு மஞ்சளா இருக்கும். மொதல்லியே சொல்லிட்றேன். அப்பால எங்க ஊட்டுக்கு வந்து பாத்துட்டு, "இன்னாக்கா, உன் மருமவளுக்குக் காமாலையா?"ன்னு என் காதுல குசுகுசுன்னு ஓதக் கூடாது. ஓதுனா எனக்குக் கோவம் வரும். எங்க தெருவுல நாலஞ்சு பேரு என்கிட்ட வாங்கிக் கட்டிகினு போயிருக்காங்க. நம்பலன்னா கேட்டுப் பாருங்க.

அது காமாலை இல்ல. பொறந்ததுலருந்து அவ ரத்தத்துல ஒரு சீக்கு கீது. சிக்கிள் செல்லுன்னு பேரு. நமக்கெல்லாம் ரத்தத்துல கீற செவப்பு அணு உருண்டையா இருக்குமாம். இவளுக்கு அது கருக்கருவா மாதிரி வளைஞ்சிக்கும். வளைஞ்சது கம்முனு போவாது. எங்கியாச்சும் சின்னக் கொழாயில போய் மாட்டிக்கும். மாட்டுன எடம் வலிக்கும் பாருங்க, பெத்தவளுக்குத்தான் தெரியும் அந்த வலி. மாட்டாதது சீக்கிரமே ஒடைஞ்சி பூடும். ஒடைஞ்சதெல்லாம் கூட்டிப் பெருக்கி வெளிய தள்ற வேலை கல்லீரலுக்கு. நாள் பூரா பெருக்கினே இருந்தா அது இன்னா பண்ணும்? பெருக்க முடியாம நிக்கிறதுதான் கண்ணுல மஞ்சளா தெரியுதாம். டாக்டரு எனக்கு இப்படித்தான் சொன்னாரு. நான் கேன்டீன்ல சமைக்கிறவ, எனக்கே புரிஞ்சிது. உங்களுக்குப் புரியாதா?

அவுங்க அப்பா மதுரைவீரனும் அம்மா கெங்கம்மாளும் செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழ கூலிக்கு நெல்லறுத்தவங்க. சொந்த மாமன் பொண்ணத்தான் கட்டிகினாரு அவரு. ரெண்டு பேருக்கும் இந்தச் சீக்கு பாதிப் பாதி இருந்துச்சு. பாதி இருந்தா ஒண்ணும் தெரியாது, நல்லாத்தான் இருப்பாங்க. ரெண்டு பாதியும் சேந்து இந்தப் பொண்ணுக்கு முழுசா வந்துடுச்சு. அப்போ யாருக்குத் தெரியும்? கண்ணு மஞ்சளா கீதுன்னதும் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னாங்க. காலையில கீழாநெல்லி, மத்தியானம் உப்பில்லாத சோறு, செவ்வாக்கிழமை தாம்பாளத்துல சுண்ணாம்புத் தண்ணி ஊத்தி மந்திரிப்பு. கொழந்த உப்பு இல்லாத சோத்தப் பாத்துப் பாத்து அழுவுமாம். மஞ்சள் மட்டும் போவல. பள்ளிக்கூடத்துல ஒரு நாள் காலப் புடிச்சிகினு கத்துனப்பதான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடி, இன்ன சீக்குன்னு கண்டுபுடிச்சாங்க.

அன்னிலருந்து கெங்கம்மா ஒரு வார்த்தைய மனப்பாடம் பண்ணிகினா. "இது காமாலை இல்ல. எம் பொண்ணு ரத்தமே அப்படித்தான்." பஸ்ஸுல கேக்குறவங்களுக்கு, ரேஷன் கடையில கேக்குறவங்களுக்கு, புருஷன் செத்த ஊட்ல துக்கம் கேக்க வந்தவங்களுக்குக் கூட இதையே சொன்னாளாம். இத ஞாபகத்துல வச்சிக்கோங்க, பின்னாடி வேணும்.

நான் யுவராணிய மொதல்ல பாத்தது எங்க கேன்டீன்லதான். அம்பத்தூர் எஸ்டேட்ல காருக்குப் பம்பரும் சைடு கண்ணாடிக்கு மூடியும் பண்ற கம்பெனி. அங்க நான் சமைக்கிறேன், அவ பெயின்ட் செக்கிங். ஒடம்பு ஒல்லி, கையில எப்பவும் ஒரு பெரிய தண்ணி பாட்டிலு. நாலு வாய் சோத்துக்கு நாப்பது வாய் தண்ணி குடிப்பா. தண்ணி கொறைஞ்சா அந்த அணு வளைஞ்சிக்குமேன்னு பயம். எனக்கு அது தெரியாது. "ஏம்மா, சாம்பார் காரமா கீதா?"ன்னு கேட்டேன். அவ தட்டப் பாத்துட்டு, "காரம் சரியா கீது ஆன்ட்டி. ஷேடுதான் நேத்து வச்ச சாம்பாருக்கும் இன்னிக்கி வச்சதுக்கும் மேட்ச் ஆவல"ன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! உள்ள போய்ப் பாத்தா, நெசமாவே மஞ்சத்தூள் பாக்கெட்ட மாத்தியிருந்தாங்க. அட, கெட்டிக்காரின்னு அன்னிக்கே மனசுல ஒட்டிக்கினா.

அவ வேலையே அதான். புதுசா பெயின்ட் அடிச்சி வர்ற பீச, மாஸ்டர்னு ஒரு பழைய பீசுக்குப் பக்கத்துல வச்சிப் பாக்கணும். ஒரு நூல் கலரு மாறுனாலும் தள்ளிடுவா. மாஸ்டர் மங்கிடக் கூடாதுன்னு கறுப்பு உறையில போட்டு பூட்டி வச்சிருப்பாங்களாம். "லைட்டு மாறுனா கண்ணு பொய் சொல்லும் ஆன்ட்டி. ஒரே வெளிச்சத்துல, பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாத்தாதான் நெசம்"னு சொல்லுவா. தன் கண்ணுக்கும் அப்படி ஒரு மாஸ்டர் வச்சிருந்தா அவ. மாசா மாசம் மொட்டமாடி வெயில்ல, வெள்ளக் காகிதத்தப் பக்கத்துல புடிச்சி, போன்ல தன் கண்ண போட்டோ எடுத்து வச்சிக்குவா. எதுக்குடின்னு கேட்டா, "என் மஞ்சள் எனக்குத் தெரியணுமில்ல"ன்னுவா.

எம் புள்ள ஆனந்தன் குடோன்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்றான். என்ன இட்டுகினு போறதுக்கு வண்டியில வருவான். நான் வெளிய வந்து அரமணி ஆனாலும் கேட்டாண்ட நின்னு இவகிட்ட பேசினு இருப்பான். நான் இன்னா குருடியா? ஒரு நாள் நானே கேட்டேன், "டேய், கட்டிக்கிறியா?"ன்னு. மூஞ்சி செவந்து பூட்சி அவனுக்கு.

யுவராணிதான் ஒத்துக்கல. "மொதல்ல அவரு ரத்தத்த டெஸ்ட் பண்ணணும் அத்தே. அவருக்கும் பாதி இருந்தா, பொறக்குற கொழந்தைக்கு என்னிய மாதிரியே வந்துடலாம்"னா. ஊசின்னா ஓடிப் போற எம் புள்ள, அன்னிக்கிக் கைய நீட்டிகினு கண்ண மூடிகினு உக்காந்தான். ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. ஊர்ல எல்லாம் ஜாதகம் பாப்பாங்க, நாங்க ரத்தம் பாத்தோம். பக்கத்து ஊட்ல இருக்குற என் ஓரகத்தி எல்லம்மாதான், "சீக்குக்காரிய போயி தேடிப் புடிச்சியே"ன்னு மூக்க சிந்துனா. "அக்காங், உன் புள்ளைக்கு நீ நல்லவளா பாத்துக் கட்டு, எம் புள்ளைக்கு நான் பாத்துக்குறேன்"னு சொல்லிட்டேன்.

மாங்காட்டுல கோயிலாண்ட மண்டபம். கல்யாணத்துக்கு ஒரு வாரம் கீறப்போ பூந்தமல்லியில பொண்ணு ஊட்ல பந்தக்கால் நட்டு நலங்கு ஆரம்பிச்சாங்க. எங்க சனத்துல நலங்குன்னா சும்மா இல்ல. தினம் பொம்பளைங்க வந்து பொண்ணுக்கு மூஞ்சி, கை, காலுன்னு மஞ்சளக் கொழைச்சி அப்புவாங்க. நலங்கு வச்ச பொண்ணு வாசப்படி தாண்டக் கூடாது, வெயில் படக் கூடாது. இன்னொண்ணும் கீது. புருஷன் இல்லாதவ நலங்கு வைக்கக் கூடாது. கெங்கம்மாவும் புருஷன் இல்லாதவ, நானும் அப்படித்தான். பெத்தவ அடுப்பங்கரையில நின்னுகினு கேசரி கிண்டுவா, பொண்ணு கூடத்துல மஞ்சளோட குந்தியிருப்பா. பெத்தவ கிட்டத்துல வந்து மூஞ்சப் பாக்க முடியாது. எவன் வச்ச சட்டமோ இது.

ஞாயித்துக்கெழம காலையில நாங்க மாப்ள ஊட்டு நலங்கு எடுத்துகினு போனோம். எல்லம்மாதான் மஞ்சக் கிண்ணத்தத் தூக்கினு முன்னாடி. நான் வாசலாண்ட ஒரு பிளாஸ்டிக் சேர்ல ஓரமா உக்காந்துட்டேன். உள்ள ஒரே சிரிப்பு, பாட்டு. யுவராணி கையச் சொறியிறா, முதுகச் சொறியிறா. எல்லம்மா, "இன்னாடி, மாப்ளைய நெனச்சாலே அரிக்குதா?"ன்னு கேக்க, எல்லாரும் ஓன்னு சிரிச்சாங்க. "மஞ்சள் பூசுனா அரிக்கத்தான் செய்யும், புதுசா?"ன்னு ஒருத்தி. "கண்ணுல கூட மஞ்சள் எறங்கிடுச்சு பாரு, மகாலட்சுமி மாதிரி கீறா"ன்னு இன்னொருத்தி.

கொஞ்ச நேரத்துல அவ எழுந்து நேரா என்னாண்ட வந்தா. வந்து குனிஞ்சி, யாருக்கும் கேக்காம, "அத்தே, என்ன வெளிய இட்டுகினு போங்க. எனக்கு வெயிலு வேணும்"னா.

"இன்னாடி சொல்ற? வாசப்படி தாண்டக் கூடாதுடி."

"தெரியும் அத்தே. அரிக்கிறது மஞ்சளால இல்ல. உள்ளங்கால்ல யாரும் மஞ்சள் பூசல, அங்கியும் அரிக்குது. ஒண்ணுக்குப் போனா டிகாஷன் மாதிரி போவுது. காலையிலருந்து குளிருது. வலது பக்கம் நெஞ்சுக் கூட்டுக்குக் கீழ வலி. கதவாண்டருந்தே அம்மாகிட்ட சொன்னேன், அது உன் ரத்தம்தான், தண்ணி குடின்னுட்டாங்க. கண்ணப் பாக்கலாம்னா மூஞ்சி பூரா மஞ்சள், உள்ள டியூப் லைட்டு. எனக்கே தெரியல."

சொல்லிகினே என் முந்தானையப் புடிச்சிகினா. "இன்னிக்கி ஆஸ்பத்திரிக்குப் போனா கல்யாணம் நின்னுடும் அத்தே. எல்லாரும், அப்பவே சொன்னோம் பாருன்னுவாங்க"ன்னா.

என் வாயி சும்மா இருக்குமா? "கல்யாணம் கெடக்குது கழுத! நீ வாடி"ன்னு கையப் புடிச்சி இஸ்துகினு வாசப்படியத் தாண்டிட்டேன்.

உள்ளருந்து ஒரு கூச்சல் வந்துச்சு பாருங்க! "அய்யய்யோ, ஜெகதாம்பா, உனுக்குப் பைத்தியமா?"ன்னு எல்லம்மா மஞ்சக் கையோட ஓடியாறா. யுவராணி அதையெல்லாம் காதுல வாங்கல. தெருக் கொழாயில சோப்பு போட்டு மூஞ்ச நல்லா கழுவுனா. நலங்கு மஞ்சள சோப்பு போட்டுக் கழுவுறத ஜென்மத்துல பாத்ததில்லன்னு ஒருத்தி மார்ல அடிச்சிக்கினா. எங்க கல்யாணப் பத்திரிகை ஒண்ணு அங்க கெடந்துச்சு. அதத் திருப்பி, வெள்ளப் பக்கத்தத் தன் கன்னத்தாண்ட புடிச்சிகினா. போன்ல போன மாசத்துப் போட்டோவ எடுத்து என் கையில குடுத்து, வெயிலப் பாத்து நின்னா. "இதையும் பாருங்க, என்னையும் பாருங்க அத்தே"ன்னா.

போட்டோல கீற கண்ணு எலுமிச்சம்பழத் தோல் கலரு. எதிர்ல நிக்கிறவ கண்ணு வேற. பச்ச மஞ்சளக் கல்லுல ஒரைச்சா ஒரு அடர்த்தி வருமே, அப்படி. கண்ணு மட்டும் இல்ல, கழுவுன மூஞ்சியும் அதே கலரு. சோப்புக்குப் போவாத மஞ்சள் அது.

கேசரிக் கரண்டியோட கெங்கம்மா வெளிய வந்தா. நாலு நாளா அவ பொண்ணு மூஞ்ச அவ கிட்டத்துல பாக்கல. "இது காமாலை இல்ல, எம் பொண்ணு ரத்தமே..."ன்னு ஆரம்பிச்சா. இருவது வருஷமா சொல்ற வார்த்த, தானா வாயில வந்துடுச்சு. பொண்ணு மூஞ்சி வெயில்ல தெரிஞ்சதும் பாதியிலியே நின்னுட்டா. கரண்டி கீழ ஊழுந்துச்சு. "யம்மாடி, இன்னாடி இது?"ன்னு புடிச்சிகினு கத்துனா பாவம்.

எல்லம்மா அப்பவும் விடல. "பக்கத்துல மந்திரிக்கிறவரு கீறாரு, சட்டுன்னு ஒரு மந்திரிப்பு மந்திரிச்சிட்டா கல்யாணம் வரைக்கும் தாங்கும்"னா. "அவளுக்கு உப்பில்லாத சோறு போட்டு மந்திரிச்ச காலம்லாம் மலையேறிப் போச்சு. வழிய உடு, இல்லன்னா உன்னத் தூக்கி மந்திரிக்கிறவன்கிட்ட போட்ருவேன்"னு சொல்லிட்டு ஒரு ஆட்டோவப் புடிச்சி ஏத்துனேன். ஆனந்தனுக்கு ஆட்டோலருந்தே போன் போட்டேன்.

பெரியாஸ்பத்திரி வாசல்ல ஒரு கூத்து. எம் புள்ளைக்கும் அன்னிக்கிக் காலையில நலங்கு வச்சிருந்தாங்க. போன் வந்ததும் அப்படியே வண்டிய எடுத்துகினு வந்துட்டான், மூஞ்சி பூரா மஞ்சளோட. யுவராணி கழுவுன மூஞ்சோட வீல் சேர்ல. நர்ஸம்மா ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "இதுல பேஷன்ட் யாரும்மா?"ன்னு கேட்டாங்க. அந்த வலியிலயும் யுவராணி சிரிச்சிட்டா. நான் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியாம நின்னேன்.

ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு டாக்டரு எங்களக் கூப்ட்டாரு. ஒடைஞ்ச ரத்த அணுவோட கசடு சேந்து சேந்து பித்தப்பையில கல்லாயிடுமாம். சிக்கிள் செல்லுக்காரங்களுக்கு இது அடிக்கடி வர்றதுதானாம். அதுல ஒரு கல்லு நகுந்து வந்து, கல்லீரல்லருந்து பித்தம் எறங்குற கொழாயில அடைச்சிகினு நிக்குது. பித்தம் எறங்க வழியில்லாம கல்லீரல் வீங்கிக் கீது, காய்ச்சலும் ஆரம்பிச்சிடுச்சு. "பழகின மஞ்சள்தானேன்னு விட்டிருந்தீங்கன்னா, கிருமி கல்லீரலுக்குள்ளயே ஏறியிருக்கும்மா. இவங்களுக்குக் கல்லீரல் ஏற்கெனவே ரொம்ப வேலை செய்யுது. அது ஒரு தடவ சாஞ்சா நிமித்துறது கஷ்டம், உசுருக்கே ஆபத்து. சமயத்துல வந்துட்டீங்க"ன்னாரு.

"பொழச்சிக்குவாளா நைனா?"ன்னு கேட்டேன். டாக்டரப் போயி நைனான்னு கூப்ட்டேன்னு ஆனந்தன் இடிச்சான். அவரு ஒண்ணும் நெனைக்கல. "பொழச்சி, கல்யாணமும் பண்ணிக்குவாங்க. தேதிய மட்டும் என்கிட்ட கேட்டுட்டு வைங்க"ன்னு சொன்னாரு. எனக்கு அவரு கால்ல ஊழலாம்னு இருந்துச்சு.

ரத்தம் ஏத்துனாங்க, மருந்து ஏத்துனாங்க. அப்பால வாய் வழியா கொழா உட்டு அந்தக் கல்ல எடுத்துட்டாங்க. மொளகு மாதிரி கறுப்பா இத்துனூண்டு. இதுக்கா இத்தினி ரவுசுன்னு கெங்கம்மா அதப் பாத்துத் திட்டுனா. முகூர்த்தம் வச்ச நாளன்னிக்கி யுவராணி வார்டுலதான் படுத்துகினு இருந்தா. ஆனந்தன் பக்கத்துல உக்காந்து அவளுக்குக் கஞ்சி ஊட்டிகினு இருந்தான். அந்தக் கஞ்சி யாரு வச்சி அனுப்புனதுன்னு நெனைக்கிறீங்க? எல்லம்மா. உப்பு போட்டு, தொட்டுக்க எலுமிச்சங்கா ஊறுகாயோட. டாக்டரு ஊறுகாய மட்டும் தள்ளி வைக்கச் சொன்னாரு.

கொஞ்ச நாள் கழிச்சி, ரத்தம் ஏத்தித் தெம்பாக்கி, கல்லு சேர்ற அந்தப் பித்தப்பையையே எடுத்துட்டாங்க. சிக்கிள் செல்லு போவல, அது போவாது. தெனம் மாத்திரை, தண்ணி, குளுரு ஆவாம பாத்துக்கணும், கல்லீரலுக்கு அப்பப்போ டெஸ்டு. ஆனா வேலைக்குத் திரும்பிட்டா. வந்த மொத நாளே என் ரசத்தப் பாத்து, "இன்னா அத்தே, ஷேடு..."ன்னு ஆரம்பிச்சா. கரண்டிய எடுத்துக் காட்டுனேன். சந்தோஷத்துல எனக்குக் கண்ணு தளும்பிடுச்சு, பொக மேல பழியப் போட்டேன்.

வைகாசியில மறுபடி தேதி வச்சோம், டாக்டரக் கேட்டுட்டுத்தான். பந்தக்கால் நட்டாச்சு. நலங்குக்கு மொத நாளே நான் பூந்தமல்லிக்குப் போயி சொல்லிட்டேன்: "இந்தப் பொண்ணுக்கு மஞ்சள் நலங்கு கெடையாது. சந்தனமும் பயத்தமாவும்தான். தாலிக் கயித்துல கீற மஞ்சள் போதும்."

எல்லம்மா குதிச்சா. "மஞ்சள் இல்லாம நலங்கா? எவளாச்சும் கேட்டா காறித் துப்ப மாட்டா?"

"துப்பட்டும். அவ கண்ணுல இன்னா மஞ்சள் கீதுன்னு எனக்குத் தெரியணும். அது மேல இன்னொரு மஞ்சளப் பூசி மறைக்க நான் உட மாட்டேன். நலங்கையும் உள்ள வைக்கப் போறதில்ல, வாசல்ல வெயில்ல வைக்கப் போறேன்."

காலையில பந்தலுக்கு வெளிய மணைய போட்டு யுவராணிய உக்கார வச்சோம். பொம்பளைங்க சந்தனக் கிண்ணத்தோட வரிசையா நிக்கிறாங்க. நான் வரிசைய நிறுத்திட்டு உள்ள போனேன். அடுப்பங்கரையில கெங்கம்மா கேசரியக் கிண்டிகினு இருந்தா. "வா"ன்னேன். "நான் எப்படிக்கா? நான் நலங்கு வைக்கக் கூடாதே"ன்னா.

"நலங்கு வைக்கத்தானே கூடாது? பெத்த பொண்ணு கண்ணப் பாக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்? வாடி இங்க."

முந்தானையில கையத் தொடச்சிகினே வந்தா. புருஷன் போனப்பறம் ஒரு நல்ல காரியத்துல அவ முன்னாடி வந்து நின்னது அன்னிக்கித்தான். பொண்ணு மொவாய நிமித்தி, வெயிலப் பாக்கத் திருப்பி, கீழ் இமைய வெரலால எறக்கிப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. யுவராணி அந்த போட்டோவ நீட்டுனா, கெங்கம்மா வேணான்னு கையத் தள்ளிட்டா.

"எலுமிச்சம்பழம்தான்"னா. "எம் பொண்ணோட பழைய மஞ்சள்தான்"னு சொல்லும்போதே அழுதுட்டா. அப்பால நான் பாத்தேன். நானும் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன்.

பின்னாடி யாரோ என் முதுகப் புடிச்சித் தள்ளுறாங்க. திரும்பிப் பாத்தா எல்லம்மா. சந்தனக் கிண்ணத்த யாரு கையிலியோ குடுத்துட்டு, இடுப்புல சேலைய சொருவிகினு நிக்கிறா. "தள்ளு ஜெகதாம்பா, நானும் நல்லா பாத்து வச்சிக்கிறேன். நாளைக்கு நீ கேன்டீனுக்குப் பூடுவ, அவன் குடோனுக்குப் பூடுவான். பக்கத்து ஊட்ல கீறவ நான்தானே?"ன்னு சொல்லிட்டு, யுவராணி மொவாயப் புடிச்சி வெயிலுக்குத் திருப்புனா. அவ பின்னாடி நின்ன பொம்பளைங்களும் சந்தனக் கிண்ணத்தக் கீழ வச்சிட்டு, அடுத்து நான் அடுத்து நான்னு வரிசையில நின்னாங்க.